பழைய சாளரத்திற்கு ஒரு புதிய குடை

மழையும் வெயிலும் உள்ளே வராமல் தடுக்கத்தான் வீட்டிற்குச் சன்னல் வைக்கிறோம். அந்தச் சன்னலையே மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். குடைக்கு ஒரு குடையா என்று கேட்போம். ஆனால் ஐரோப்பாவின் பழம்பெரும் பேராலயங்கள் பலவற்றில் இன்று அதுதான் நடந்துவருகிறது. பல நூற்றாண்டுகளாகக் காற்றுக்கும் மழைக்கும் முகம் கொடுத்து நின்ற வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைச் சில விரற்கடை உள்ளே தள்ளிவிட்டு, அவை நின்ற இடத்தில் புதிய கண்ணாடியைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். இது ஏன், எப்படி என்பதை இங்கிலாந்தின் யார்க் நகரப் பேராலயத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

யார்க் பேராலயத்தின் கிழக்குச் சுவரைச் சுவர் என்று சொல்வதைவிடச் சாளரம் என்று சொல்வதே பொருந்தும். அதன் உயரம் ஏறக்குறைய 23 மீட்டர். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு பெரிது. பிரிட்டனில் எஞ்சியிருக்கும் இடைக்கால வண்ணச் சாளரங்களில் இதுவே மிகப் பெரியது. மொத்தம் 311 கண்ணாடிப் பலகங்கள். உச்சியில் தந்தையாகிய கடவுள் திறந்த நூலொன்றைத் தாங்கி வீற்றிருக்கிறார். முதலும் முடிவும் தாமே என்னும் பொருள்பட அந்நூலில் இலத்தீன் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. கீழே உலகப் படைப்பு முதலான பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் 27. அவற்றுக்கும் கீழே, திருவெளிப்பாட்டு நூலில் யோவான் கண்ட காட்சிகள் 81 பலகங்களில் விரிகின்றன. உலகம் தோன்றியது முதல் முடிவது வரை ஒரே சுவரில்! எழுத்தறியாத மக்கள் ஆலயத்திற்கு வந்து அண்ணாந்து பார்த்தே மறைக்கல்வி கற்ற காலம் அது.

இதைச் செய்தவர் கோவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்னும் கண்ணாடி ஓவியர். 1405ஆம் ஆண்டு பேராலயக் குருக்கள் அவருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வேலையை மூன்றே ஆண்டுகளில் முடிக்க வேண்டும். சாளரத்தின் சித்திரங்களை அவரே தம் கைப்பட வரைய வேண்டும். கூலி வாரத்திற்கு 4 ஷில்லிங், ஆண்டுக்கு மேலும் 5 பவுன், சொன்னபடி முடித்தால் வெகுமதியாக 10 பவுன். அவர் சொன்னபடி முடித்தார். சாளரத்தின் உச்சியில் 1408 என்ற ஆண்டைக் குறித்தும் வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 56 பவுன். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழியரே, பின்னால் தேவைப்படும்.

இனி, வண்ணச் சாளரம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொண்டால்தான் அது எப்படிக் கெடுகிறது என்பது விளங்கும். எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் காலைத் திருப்பலியின்போது தரையில் சிவப்பும் நீலமுமாக ஒளி விழுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கண்ணாடிமேல் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இடைக்காலச் சாளரங்களில் அப்படியன்று. கண்ணாடி உருகிக் கொதிக்கும்போதே உலோகச் சேர்மங்களைக் கலந்துவிடுவார்கள். கோபால்ட் கலந்தால் நீலம். செம்பு கலந்தால் சிவப்பு. ஆகவே வண்ணம் கண்ணாடியின் உடலிலேயே இருக்கிறது. முகம், விரல், ஆடையின் மடிப்பு ஆகியவற்றை மட்டும் கண்ணாடித் தூளும் உலோக ஆக்சைடும் கலந்த கரும்பழுப்பு மையால் வரைந்து, சூளையிலிட்டுச் சுடுவார்கள். மை கண்ணாடியோடு ஒன்றிவிடும். வெள்ளிச் சேர்மத்தைத் தடவிச் சுட்டால் எலுமிச்சை மஞ்சள் முதல் பொன் மஞ்சள் வரை கிடைக்கும். வானதூதர்களின் தலைமுடியெல்லாம் இந்த வெள்ளி தந்த பொன்தான்!

இப்படிச் செய்த துண்டுகளைக் காரீயப் பட்டிகளால் இணைப்பார்கள். பட்டியின் குறுக்குவெட்டு ஆங்கில 'எச்' எழுத்தைப் படுக்கவைத்தது போல இருக்கும். அதன் இரு பள்ளங்களிலும் இரு கண்ணாடித் துண்டுகள் செருகி நிற்கும். காரீயம் மென்மையான உலோகம், கையால் வளைக்கலாம். உறுதியான இரும்பை விட்டு இந்த மெத்தென்ற உலோகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தோன்றலாம். 1984ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அதற்கு விடை கிடைத்தது. அன்று அதிகாலையில் யார்க் பேராலயத்தின் தெற்குக் கூரை தீப்பற்றி எரிந்து விழுந்தது. மின்னல் தாக்கியதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்தப் பக்கத்துச் சுவரில் உயரே இருந்த வட்ட வடிவ ரோஜாச் சாளரம் கடும் வெப்பத்தில் வெந்தது. ஏறக்குறைய 8,000 துண்டுகளாக இருந்த கண்ணாடி 40,000 சில்லுகளாக வெடித்தது. ஆயினும் சாளரம் கீழே விழவில்லை! சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதற்குப் புதிய காரீயப் பட்டிகள் இட்டிருந்தார்கள். அவை வெடித்த சில்லுகளை விடாமல் பிடித்துக்கொண்டன. பிறகு, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் பசையொன்றால் அந்தச் சில்லுகளை ஒட்டி, தெளிந்த கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து, 1988க்குள் சீர்செய்துவிட்டார்கள். பட்டிகள் நூறாண்டுப் பழையனவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ? ஏனெனில் காரீயமும் களைத்துப்போகும். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, காற்றின் அழுத்தத்தில் முன்னும் பின்னும் அசைந்து, நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் வெடிப்பு விட்டுவிடும். அப்போது கண்ணாடிப் பலகம் வயிறு தள்ளியது போல வெளியே பிதுங்கும்.

காரீயம் களைத்தால் மாற்றிவிடலாம். கண்ணாடி களைத்தால்?

கண்ணாடி களைக்குமா என்று கேட்பீர்கள். நம் வீட்டுச் சன்னல் கண்ணாடியும் ஊறுகாய்ச் சாடியும் எத்தனை முறை கழுவினாலும் கரைவதில்லையே! உண்மைதான். ஆனால் தார்ன்டன் காலத்துக் கண்ணாடி வேறு. மணல் எளிதில் உருகாது. அதை உருகவைக்கப் பழைய ரோமானியர் சோடா உப்பைச் சேர்த்தார்கள். இடைக்காலத்தில் வட ஐரோப்பியர் காட்டு மரங்களை, குறிப்பாகப் பீச் மரத்தை, எரித்த சாம்பலைச் சேர்த்தார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாஷ். பாட்டிமார் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கும்போது விரல்கள் வழுவழுவென்று வழுக்குமே, அந்தக் காரச் சத்துத்தான். அது நீரில் கரையும் பொருள். ஆகவே காட்டுச் சாம்பலில் பிறந்த கண்ணாடி நீரைக் கண்டால் அஞ்ச வேண்டியிருக்கிறது.

மழைத்துளியோ பனித்துளியோ கண்ணாடிமேல் நெடுநேரம் தங்கினால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடிக்குள் புகுந்து பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்கின்றன. வெளியே வந்த பொட்டாசியம் அந்தத் துளியைக் காரக் கரைசலாக்குகிறது. காரம் கண்ணாடியின் எலும்புக்கூடாகிய சிலிக்காவையே அரிக்கத் தொடங்குகிறது. நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடும் சேர்ந்துகொண்டால், கண்ணாடியிலிருக்கும் கால்சியம் ஜிப்சமாக மாறி மேற்பரப்பில் வெண்மையான பொருக்காகப் படிகிறது. பொருக்கு பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அடியில் அரிப்பு இன்னும் விரைகிறது. முதலில் ஊசிமுனைக் குழிகள். பிறகு குழிகள் ஒன்றோடொன்று சேரும். பிறகு ஒளியே புகாது. நாங்கள் வகுப்பில் படிக்கும் அமிலமும் காரமும் உப்பும் ஒரு புனிதரின் முகத்தை மெல்ல அழித்துக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தபோது அந்தப் பாடமே வேறாகத் தோன்றியது.

இது வெளிப்புறத்துக் கதை. உட்புறத்திலும் ஒரு பகைவன் உண்டு. குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? குளிர்நாட்டில் சாளரக் கண்ணாடிதான் அந்த டம்ளர். வெளியே உறைபனி, உள்ளே மக்களின் மூச்சும் வெப்பமும். உட்புறக் கண்ணாடியில் நீர் துளிர்த்து வழியும். கரும்பழுப்பு மையால் தீட்டிய கண்ணும் மூக்கும் பெரும்பாலும் அந்த உட்புறத்தில்தான் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நீர் வழிந்தால் மை உதிர்ந்து, முகம் வெறும் வெள்ளைத் தகடாகிவிடும்.

மனிதர்களால் வந்த ஆபத்துகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். 1644இல் உள்நாட்டுப் போரின்போது யார்க் நகரம் பாராளுமன்றப் படையிடம் வீழ்ந்தது. திருவுருவங்களும் சாளரங்களும் நாடெங்கும் உடைபட்ட காலம் அது. ஆனால் படைத்தலைவர் தாமஸ் பேர்பாக்ஸ் அந்த மாவட்டத்துக்காரர். பேராலயத்தின் மேல் கைவைக்கக் கூடாதென்று காவல் போட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சாளரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். மீண்டும் பொருத்தி முடிக்க 1953 ஆயிற்று. அந்த வாய்ப்பில், அப்போதைய பேராலயத் தலைவர் மில்னர்-வைட், முன்பு பழுதுபார்த்தவர்கள் ஒட்டுப்போட்டிருந்த பொருந்தாத துண்டுகளை நீக்கிச் சீர்திருத்தினார். அவர் செய்தவற்றுள் சில, அவருடைய ஊகத்தின்மேல் செய்தவை.

2008இல் சாளரம் மீண்டும் முழுவதும் கழற்றப்பட்டது. கண்ணாடிகள் மட்டுமல்ல, அவற்றைத் தாங்கிய சுண்ணக்கல் தூண்களும் உளுத்துப்போயிருந்தன. வெற்றிடம் தெரியாதிருக்கச் சாளரத்தின் படத்தையே மாபெரும் திரையில் அச்சிட்டுத் தொங்கவிட்டார்கள். 1967இல் தொடங்கப்பட்ட யார்க் கண்ணாடிப் பணியாளர் அறக்கட்டளையின் வல்லுநர்கள் ஒவ்வொரு பலகமாக மேசைமேல் கிடத்தி வேலை செய்தார்கள். தையற்காரர் பழைய பட்டுப்புடவையைப் பிரித்துத் தைப்பது போன்ற வேலை. முதலில் புகைப்படம், குறிப்பு. பிறகு காரீயத்தை நீக்கித் துண்டுகளைப் பிரித்தல். மெல்லிய தூரிகையாலும் பஞ்சாலும் சிறிது சிறிதாகத் தூய்மை செய்தல். முன்னோர், உடைந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு காரீயப் பட்டியைப் போட்டு இணைத்திருந்தார்கள். ஒரு முகத்தில் ஐந்தாறு விரிசல் என்றால் ஐந்தாறு கருங்கோடுகள். வானதூதரா வலையில் சிக்கிய பறவையா என்றே தெரியாது. இப்போது அந்தக் கூடுதல் பட்டிகளை எடுத்துவிட்டு, விளிம்போடு விளிம்பை ஒளிபுகும் பசையால் ஒட்டினார்கள். முகங்கள் மீண்டும் முகங்களாயின.

ஒரு துண்டு முழுவதுமே காணாமற்போயிருந்தால் என்ன செய்வது? இங்குதான் அறிஞர்களுக்குள் வாதம். தமக்குத் தோன்றியபடி வரைந்து வைப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும். வெற்றுக் கண்ணாடியை வைத்தால் கதையே புரியாது. யார்க்கில் பழைய ஆவணங்களைத் துணைகொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் டோர் என்பவர் பேராலயத்தின் சாளரங்களைப் பலகம் பலகமாகப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்திருந்தார். புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் பொறுமையாகச் செய்த அந்தச் சிறு வேலை, முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கைகொடுத்தது. சான்று கிடைத்த இடத்தில் புதிய துண்டைத் தீட்டி வைத்தார்கள். எது புதிது, எது பழையது என்பதையும் ஆவணத்தில் பதிந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சீர்செய்த பலகங்களை மீண்டும் மழையில் நிறுத்துவதா? இங்குதான் குடை வருகிறது.

பழைய கண்ணாடி இருந்த கல் பள்ளத்தில் இப்போது புதிய கண்ணாடி நிற்கிறது. மழையும் காற்றும் பனியும் அதன்மேல்தான் மோதும். பழைய பலகங்களை உலோகச் சட்டங்களில் பொருத்தி, சற்று உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சிறிய இடைவெளி. அந்த இடைவெளியை அடைத்துவிடக் கூடாது. அதுதான் இதன் சூட்சுமம். கீழேயும் மேலேயும் திறப்பு விட்டிருப்பதால் ஆலயத்தின் உட்காற்று அதன் வழியே புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய கண்ணாடிக்கு முன்புறமும் பின்புறமும் ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. அது இனி குளிர்ந்த டம்ளர் அன்று. வியர்வை வெளிக்கண்ணாடியில்தான் துளிர்க்கும், துடைத்துவிட்டால் போயிற்று. காற்று செல்லாமல் அடைத்துவிட்டால் நடுவில் ஈரம் தேங்கி, நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

யார்க்கின் வெளிக்கண்ணாடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும். முன்னே சொன்ன பசை சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் மஞ்சளித்துவிடும். கண்ணாடிக்கு மழைக்குடை, பசைக்கு வெயில்குடை, இரண்டும் ஒன்றே!

இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பழைய காரீயக் கோடுகள் தெளிவாகத் தெரிவதில்லை. புதுக்கண்ணாடி வானத்தைப் பளபளவென்று காட்டி, பழைய கட்டடத்தின் முகத்தையே மாற்றிவிடுகிறது என்று குறை கூறுவோர் உண்டு. அதனால் சில இடங்களில் வெளிக்கண்ணாடியிலும் காரீயக் கோடுகளை எளிமையாக அமைக்கிறார்கள். சில இடங்களில் கண்ணாடியைச் சூளையில் வாட்டி மேடு பள்ளமாக்கி, மினுமினுப்பைக் குறைக்கிறார்கள். என்ன செய்தாலும் வெளித்தோற்றம் சிறிது மாறத்தான் செய்கிறது. எங்களைக் கேட்டால் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்போம். குடை பிடித்தவரின் முகம் சற்று மறைகிறது என்பதற்காக யாரும் நோயாளியை மழையில் நிற்கவிடுவதில்லை. மேலும், இந்தக் குடையை வேண்டாமென்றால் நாளை கழற்றிவிடலாம். பழைய கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

கழற்ற முடியும் என்பது சிறிய செய்தியன்று. பிரான்சு நாட்டின் சார்த்ர் பேராலயத்தில் 1970களில் மேற்கு முகப்பின் மூன்று புகழ்பெற்ற சாளரங்களைத் தூய்மை செய்தபோது, பாதுகாப்புக்காகச் செயற்கைப் பிசினைக் கண்ணாடியின் மேலேயே பூசினார்கள். சார்த்ர் நீலம் தன் ஒளியை இழந்துவிட்டது என்று கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுவோம். கண்ணாடியோடு ஒட்டிய பூச்சைப் பிறகு எடுப்பது கடினம். தனியே நிற்கும் கண்ணாடியை எடுப்பது எளிது. அங்கும் பின்னாளில் வெளிக்கண்ணாடி முறைக்கே வந்தார்கள். கார்ப்பஸ் விட்ரியாரம் என்னும் பன்னாட்டு அமைப்பு 2004இல் வெளியிட்ட நெறிமுறைகளும், இயன்றவரை குறைவாகக் கைவையுங்கள், செய்வதைப் பதிந்து வையுங்கள், வானிலையிலிருந்து காக்கும் கண்ணாடியை அமையுங்கள் என்ற போக்கிலேயே செல்கின்றன.

பேராலயங்களுக்கு மட்டுந்தானா இந்தக் கவலை என்றால், இல்லை. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் மேலும் கீழும் நகரும் மரச் சன்னல்கள் உண்டு. கயிற்றில் கட்டிய எடைகள் சட்டத்துக்குள் மறைந்திருந்து, ஒரு விரலால் தூக்கினாலும் மேலே போகும்படி சமநிலை தரும். கிணற்று இராட்டினம் போன்ற ஏற்பாடு. இவற்றில் குளிர்காற்று புகுகிறது, எரிபொருள் வீணாகிறது என்று சொல்லிப் பலர் பெயர்த்தெறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் வைத்தார்கள். குளிரில் நடுங்கும் முதியவரிடம் பழமையின் அழகைப் பற்றிப் பேசுவது நியாயமன்று. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் பெயர்க்காமலே வழியுண்டு. உளுத்த மரத்தை மட்டும் செதுக்கிப் புது மரம் ஒட்டலாம்; கயிற்றை மாற்றலாம்; இடுக்குகளில் தூரிகைபோன்ற பட்டையைப் பொருத்திக் காற்றை அடைக்கலாம். பிறகு உட்புறத்தில் இன்னொரு கண்ணாடிச் சட்டத்தை நிறுத்தலாம். கவனித்தீர்களா? பேராலயத்தில் புதுக்கண்ணாடி வெளியே. வீட்டில் அது உள்ளே. பேராலயத்தில் காக்கவேண்டியது உள்ளிருந்து காணும் ஓவியம். வீட்டிலோ தெருவிலிருந்து காணும் பழைய முகமும், லேசாக நெளிந்து ஒளிரும் பழைய கண்ணாடியும். எதைக் காக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்தால், குடையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது தானே விளங்கும்.

யார்க் பெருஞ்சாளரத்தின் கடைசிப் பலகம் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் இடத்திற்குத் திரும்பியது. பத்தாண்டு வேலை. செலவு 1 கோடியே 15 இலட்சம் பவுன் என்று செய்தித்தாள்கள் எழுதின. தார்ன்டன் பெற்ற 56 பவுனை இப்போது நினைத்துக்கொள்ளலாம். அன்றைய பவுனுக்கும் இன்றைய பவுனுக்கும் உள்ள வேறுபாடு பெரிதுதான். ஆயினும் செய்வதற்கு மூன்று ஆண்டு, காப்பதற்குப் பத்து ஆண்டு என்ற கணக்கில் மாற்றமில்லை. வேலை அதோடு நிற்கவும் இல்லை. 2021இல் அதே பேராலயத்தின் புனித கத்பர்ட் சாளரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். அதுவும் 15ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. அதற்கும் அப்படியே ஒரு வெளிக்கண்ணாடி.